ஆப்பிள் பட்டை லோஃப்: பழத்தின் தண்ணீர் எங்கே போகிறது?

நீள டின்னில் வேகவைக்கும் கேக் போன்ற ஆப்பிள் லோஃப் சரியாக வரவில்லை என்று யாராவது சொன்னால், பழத்தை எப்படி வெட்டினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மாவின் அளவும் ஓவனின் சூடும் அப்புறம். ஆப்பிளின் எடையில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். 300 கிராம் பழத்தைக் கலவையில் சேர்க்கும்போது கால் லிட்டர் தண்ணீரும் கூடவே உள்ளே போகிறது. பாலோ தயிரோ ஊற்றினால் கண்ணுக்குத் தெரியும், மாவு இளகுவதைப் பார்த்துக் கையை நிறுத்தலாம். ஆப்பிளின் தண்ணீர் ஓவனுக்குள் போய்ச் சூடேறிய பிறகுதான் வெளியே வரும். பல வருடங்களாக இந்த லோஃபை அடிக்கடி செய்து வருகிறேன். பழத்தை மாற்றினாலும், சர்க்கரையை மாற்றினாலும், டின்னை மாற்றினாலும் கவனம் வைக்க வேண்டிய இடம் மாறவே இல்லை. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வாழைப்பழ பிரெட் செய்து பழகியவர்கள் இங்கே கொஞ்சம் திணறுவார்கள். வாழைப்பழத்தை மசித்துக் கலப்பதால் அதன் ஈரம் மாவு முழுக்க ஒரே சீராகப் பரவிவிடும். ஆப்பிள் துண்டு துண்டாக நிற்கும். ஒவ்வொரு துண்டும் வேகும்போது தன்னைச் சுற்றியிருக்கும் மாவை மட்டும் நனைக்கும். துண்டு பெரிதாக இருந்தால், லோஃபை வெட்டும்போது பழத்தை ஒட்டினாற்போல் பிசுபிசுவென்று ஒரு வளையம் தெரியும். பார்ப்பதற்கு வேகாத மாவு போலவே இருக்கும். உண்மையில் வெந்த மாவுதான், ஈரம் மிஞ்சிப்போய்க் களியாகியிருக்கும். இன்னும் பத்து நிமிடம் ஓவனில் வைத்தாலும் அது மாறாது, மேலோடுதான் காயும்.

அதனால் துண்டு அளவில் நான் கறாராக இருப்பேன். ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான சதுரங்கள். அதைவிடப் பொடியாக நறுக்கினால் பழம் இருப்பதே வாயில் தெரியாது. இரண்டு ஆப்பிள் எடுத்தால் ஒன்றைத் துண்டாக்கி, ஒன்றைத் துருவிக்கொள்கிறேன். துருவியது மாவோடு கரைந்து லோஃப் முழுக்க மென்மை தரும். துண்டுகள் கடிபடும். துருவியதை அப்படியே போடாமல் உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை பிழிய வேண்டும். முழுக்கச் சக்கையாக்க வேண்டாம், சொட்டுவது நின்றால் போதும். வடிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். சின்னப் பாத்திரத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு கொதிக்கவிட்டால் சில நிமிடத்தில் தேன் பதத்துக்குச் சுண்டிவிடும். லோஃப் வெளியே வந்ததும் சுடச்சுட மேலே தடவினால் பளபளப்பும் வரும், ஆப்பிள் வாசனையும் கூடும்.

பழத்தின் வகை பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கடித்தால் நறுக்கென்று உடையும், நாக்கில் புளிப்புத் தட்டும் பழம்தான் இதற்கு வேண்டும். பச்சை நிற கிரானி ஸ்மித் அப்படிப்பட்டது. 1868 வாக்கில் ஆஸ்திரேலியாவில் மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்த கன்று அது, அதனால்தான் அந்தப் பெயர். சர்க்கரையும் பட்டையும் சேர்ந்த பிறகும் அதன் புளிப்பு அடங்கிப்போகாது. ஆனால் புளிப்பு மட்டும் இருந்தால் போதாது. பிராம்லி என்ற சமையல் ஆப்பிள் நல்ல புளிப்பு, வெந்ததும் கூழாகக் குழைந்துவிடும். சாஸுக்கு அது அருமையான பழம், துண்டுகள் நிற்க வேண்டிய லோஃபுக்குச் சரிவராது. இனிப்பு போதும் என்றால் ஃபூஜி, காலா இரண்டும் நன்றாக நிற்கும். கூடவே ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு பிசறிவிட்டால் இல்லாத புளிப்பு வந்துவிடும். அடர் சிவப்பில் அழகாக இருக்கும் ரெட் டெலிஷியஸை அப்படியே சாப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். வேகவைத்தால் ருசி மங்கிப்போகிறது.

வாங்கி வைத்து நாளாகி, தோல் லேசாகச் சுருங்கிய பழம்தான் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. துண்டுகளை ஒரு ஸ்பூன் வெண்ணெயில் ஐந்தாறு நிமிடம் வதக்க வேண்டும். முதலில் சலசலவென்று சத்தம் கேட்கும், அது தண்ணீர் போகும் சத்தம். சத்தம் மட்டுப்பட்டு, வெண்ணெய் தனியாகப் பிரிந்து, துண்டின் ஓரம் கண்ணாடி போல ஆனதும் இறக்கிவிடலாம். ஒரு தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்ட பிறகே மாவில் சேர்க்க வேண்டும். சூடாகச் சேர்த்தால் பேக்கிங் பவுடர் ஓவனுக்குப் போகும் முன்பே தன் வேலையை ஆரம்பித்துவிடும்.

சரி, அளவுக்கு வருவோம். 9 அங்குல நீளம், 5 அங்குல அகலம் உள்ள லோஃப் டின்னுக்கு நான் எடுப்பது இது. மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பட்டைத் தூள் இரண்டு டீஸ்பூன். முட்டை இரண்டு, பிரவுன் சுகர் 150 கிராம், வாசனை இல்லாத எண்ணெய் 100 மில்லி, அதிகம் புளிக்காத கெட்டித் தயிர் 120 கிராம், வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன். தோலும் விதையும் நீக்கிய ஆப்பிள் 300 கிராம். நடுவில் தூவுவதற்கு 50 கிராம் சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் பட்டைத் தூளும் தனியாக.

வெண்ணெய் இல்லாமல் ஏன் எண்ணெய் என்று பலர் கேட்கிறார்கள். வெண்ணெயின் ருசி எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆறியதும் வெண்ணெய் இறுகும், லோஃபும் கூடவே இறுகும். எண்ணெய் திரவமாகவே இருப்பதால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் மென்மை குறையாது. மேலோட்டில் வெண்ணெய் வாசனை வேண்டுமென்றால் டின்னுக்கு வெண்ணெய் தடவிக்கொள்ளலாம். தயிர் ஈரத்துக்காக மட்டும் இல்லை, அதன் புளிப்புதான் சோடாவைப் பொங்கவைக்கிறது. தயிரை எடுத்துவிட்டுப் பால் ஊற்றுகிறீர்கள் என்றால் சோடாவையும் எடுத்துவிட்டு பேக்கிங் பவுடரைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் வாயில் சோப்பு மாதிரி ஒரு கசப்பு நிற்கும்.

பேக்கிங் பவுடர் டப்பாவைத் திறந்து நாளாகிவிட்டதா? அரை ஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் நல்லது. சோம்பலாக நாலு குமிழி வந்தால் அந்த டப்பாவை நம்ப வேண்டாம். ஆப்பிள் துண்டுகளின் எடையைத் தூக்கிக்கொண்டு எழும்ப வேண்டிய மாவு இது, பலவீனமான பவுடரால் முடியாது.

பட்டையில் இரண்டு ரகம் புழங்குகிறது. இலங்கையிலிருந்து வரும் அசல் பட்டை மெல்லிய தாள்களைப் பல சுற்றாகச் சுருட்டியது போல இருக்கும், விரலால் நொறுக்கலாம், வாசனை மென்மையானது, கொஞ்சம் பூ மணம் கலந்தது. மற்றது கேசியா. தடித்த ஒற்றைச் சுருள், கட்டை போல உறுதி, காரமும் அழுத்தமும் அதிகம். பொடியாக விற்பதில் பெரும்பாலும் கேசியாதான் இருக்கும். ஓவனில் ஒரு மணி நேரம் இருக்கும் மாவுக்குள் கேசியாவின் அழுத்தம் எனக்குப் பிடிக்கிறது. நடுவில் தூவும் சர்க்கரையில் இலங்கைப் பட்டை. கேசியாவில் கூமரின் என்ற பொருள் கூடுதலாக இருக்கிறது, அளவுக்கு மீறிப் போனால் கல்லீரலுக்கு ஆகாது. எப்போதாவது ஒரு துண்டு சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. பட்டைத் தூளைத் தினமும் ஏதாவது ஒன்றில் சேர்த்துச் சாப்பிடும் பழக்கம் உள்ள வீட்டில் முழுக்க இலங்கைப் பட்டையாகவே வைத்துக்கொள்வது நல்லது.

பட்டையின் வாசனை தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாக இறங்கும். அதனால் மாவுக்கான பட்டைத் தூளை மைதாவோடு சலிக்காமல், எண்ணெயை லேசாகச் சூடாக்கி அதில் கலந்து பத்து நிமிடம் வைத்துவிடுகிறேன். விரல் வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும் சூடு போதும், புகைய விடக் கூடாது. அதே இரண்டு டீஸ்பூன்தான், ஆனால் வெட்டும்போது வரும் வாசனையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். வாசனை போதவில்லை என்று தூளின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதைவிட இது மேல். பட்டைத் தூள் ஈரத்தைக் குடித்ததும் வழவழப்பாகும் குணம் உள்ளது. ஆப்பிள் தண்ணீர் விடும் இடத்தில் அது கனமாக இருந்தால் நடு அடுக்கு கொழகொழத்துப் போகும்.

கலக்கும்போது முட்டை, சர்க்கரை, எண்ணெய், தயிர், எசன்ஸ் எல்லாவற்றையும் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். மைதா விழுந்த நொடியிலிருந்து கையைக் கட்டுப்படுத்த வேண்டும். விஸ்க்கை வைத்துவிட்டு ஸ்பேட்டுலாவை எடுத்து, அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துக் கலக்க வேண்டும். அங்கங்கே வெள்ளைக் கோடு தெரியும்போதே ஆப்பிளைப் போட்டுவிடலாம், பழத்தைக் கலப்பதற்குள் அந்தக் கோடுகளும் மறைந்துவிடும். அதிகம் கலக்கினால் மைதாவில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இழுவையாகி, லோஃபுக்குள் நீளநீளமாகக் குகைகள் விழும், கடித்தால் ரப்பர் போல இருக்கும்.

இந்தக் கட்டத்தில் மாவு கெட்டியாகத்தான் இருக்கும். ஸ்பூனைச் சாய்த்தால் யோசித்து யோசித்துத்தான் விழும். உடனே ஒரு வாய் பால் ஊற்றலாமே என்று கை பரபரக்கும். ஊற்றாதீர்கள். கலவையில் எழுதப்படாத ஒரு திரவம் இருக்கிறது, அது ஆப்பிளுக்குள் காத்திருக்கிறது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலே மாவு கொஞ்சம் இளகியிருப்பதைக் காணலாம்.

ஆப்பிளைச் சர்க்கரையில் பிசறி முன்கூட்டியே வைப்பதை நான் விரும்புவதில்லை. ஒரு தடவை பக்கத்தில் வைத்துக் கவனித்துப் பாருங்கள். சர்க்கரை தூவிய சில நிமிடத்தில் ஒவ்வொரு துண்டின் மேலும் வியர்வை போல முத்துமுத்தாகத் தண்ணீர் நிற்கும், கால் மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் பழுப்பாகச் சாறு தேங்கும். அந்தச் சாறோடு மாவில் கொட்டினால் அளவெல்லாம் தப்பிவிடும். வெட்டியதும் ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டி உடனே சேர்ப்பது நல்லது. அந்த மைதா மேல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், துண்டும் மாவில் வழுக்காமல் நிற்கும். பழம் நிறம் மாறுகிறதே என்று பயப்பட வேண்டாம். பட்டையும் பிரவுன் சுகரும் சேர்ந்த மாவில் அந்தப் பழுப்பு யாருக்கும் தெரியப்போவதில்லை.

பட்டர் பேப்பர் விரித்த டின்னில் பாதி மாவு, அதன் மேல் பட்டைச் சர்க்கரையில் பாதி, மீதி மாவு, மேலே மீதிச் சர்க்கரை. நடுவில் தூவும்போது விளிம்பில் ஒரு விரல் அகலம் விட்டுவிட வேண்டும். டின் சுவரைத் தொடும் சர்க்கரை உருகிக் கருகி, எடுக்கும்போது பக்கத்தைப் பிய்த்துவிடும். சர்க்கரை ஒரே கனமான படலமாகவும் விழக்கூடாது. அது மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் சேரவிடாது, வெட்டினால் துண்டு இரண்டாகக் கழன்று வரும். மெல்லத் தூவிவிட்டு, மேல் மாவை ஊற்றியதும் ஒரு கத்தியை உள்ளே விட்டு நெளிநெளியாக ஒரே ஒரு தடவை இழுத்தால் இரண்டு மாவும் அங்கங்கே பிடித்துக்கொள்ளும்.

ஓவன் 175 டிகிரி செல்சியஸ், நடுத் தட்டு. விசிறி ஓடும் ஓவன் என்றால் 15 முதல் 20 டிகிரி குறைத்துக்கொள்ளலாம். கண்ணாடிப் பாத்திரத்தில் செய்தாலும் 15 டிகிரி குறைப்பது நல்லது, இல்லாவிட்டால் நடு வேகும் முன் ஓரம் காய்ந்துவிடும். திருகியில் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் இந்தச் சந்தேகமே வராது. 55 முதல் 65 நிமிடம் ஆகும். 35 நிமிடம் தாண்டியதும் மேல் நிறத்தைப் பார்த்து, நன்றாகச் சிவந்திருந்தால் அலுமினிய ஃபாயிலைத் தளர்வாக மூடிவிட வேண்டும். வாசனையை வைத்து முடிவு செய்யக் கூடாது. பட்டை வாசனை பாதி நேரத்திலேயே வீடு முழுக்க நிறைந்துவிடும், உள்ளே மாவு அப்போது கூழாகத்தான் இருக்கும்.

மேலே வெடிப்பு விழுவது குறை இல்லை. மேற்பரப்பு முதலில் வெந்து இறுகுகிறது, நடுப்பகுதி பின்னால் எழும்பி அதைப் பிளக்கிறது. அது நேர்கோடாக வர வேண்டுமென்றால், ஓவனில் வைக்கும் முன் மென்மையான வெண்ணெயை நடுவில் நீளவாக்கில் ஒரு கோடாகப் பிழிந்துவிடுங்கள். அந்த இடத்தில் மேலோடு இறுகத் தாமதமாகும், வெடிப்பும் அதன் வழியே போகும்.

போன மாதம் சித்தி மகள் போன் செய்தாள். “அக்கா, மேலே நல்லா சிவந்து வெடிச்சிருக்கு. டூத்பிக்கும் சுத்தமாத்தான் வந்துச்சு. வெட்டினா உள்ளே கொழகொழன்னு இருக்கு.”

“எந்த டின்னுல செஞ்சே?”

“சின்னதுல. எட்டுக்கு நாலு.”

“டூத்பிக்கை எங்கே குத்தினே?”

“ஓரமா, வெடிப்பைக் கெடுக்க வேணாம்னு.”

இரண்டும் சேர்ந்துகொண்டன. 8 அங்குலத்துக்கு 4 அங்குல டின்னில் இதே மாவு உயரமாக நிற்கும், நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். ஓரம் எப்போதும் முதலில் வெந்துவிடும், அங்கே குத்தினால் உண்மை தெரியாது. டின்னில் முக்கால் பாகத்துக்கு மேல் மாவு ஊற்றாமல், மிஞ்சியதை இரண்டு மஃபின் கப்பில் ஊற்றச் சொன்னேன். நடுவில், வெடிப்புக்குள்ளேயே, இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்க்கச் சொன்னேன். ஒரு குத்தில் ஈரம் ஒட்டினால் அது ஆப்பிள் துண்டாகவும் இருக்கலாம். எல்லாக் குத்திலும் மாவு ஒட்டினால்தான் வேகவில்லை என்று பொருள். அடுத்த வாரம் அவள் அனுப்பிய போட்டோவில் துண்டு சீராக வெந்து, பழத் துண்டுகள் தனித்தனியாகத் தெரிந்தன. குத்திப் பார்க்கும் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. நடுவில் 96 முதல் 98 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம்.

வெளியே எடுத்ததும் டின்னிலேயே 10 முதல் 15 நிமிடம். அப்புறம் பட்டர் பேப்பரைப் பிடித்துத் தூக்கிக் கம்பி ரேக்கில் வைக்க வேண்டும். டின்னிலேயே விட்டால் ஆவி வெளியே போக இடமில்லாமல் பக்கங்களில் தண்ணீராகப் படிந்து, மேலோடு நனைந்துவிடும். இங்கேயும் அதே தண்ணீர்தான். ஆறும் நேரத்திலும் நடுப்பகுதியின் ஈரம் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கிறது, மாவும் இறுகிக்கொண்டே இருக்கிறது. சூட்டோடு வெட்டினால் நன்றாக வெந்த லோஃப்கூடக் கத்தியில் ஒட்டும். குறைந்தது ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். என் வீட்டில் இது முடியாத காரியம், ஓரத்துண்டு ஒன்று எப்போதும் சூட்டோடு போய்விடும். மீதியைக் காப்பாற்றி மறுநாள் வெட்டினால் துண்டு நேர்த்தியாக வரும், பட்டையும் ஆப்பிளும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கும். இந்த லோஃபை மறுநாள்தான் நன்றாகச் சாப்பிட முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

பழ ஈரம் இருப்பதால் வெளியே வைத்தால் இரண்டு நாள், சூடும் புழுக்கமும் உள்ள இடத்தில் ஒரே நாள். ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் கெடாது, ஆனால் அந்தக் குளிரில் ஸ்டார்ச் சீக்கிரம் இறுகி லோஃப் வறண்டது போலாகும். சாப்பிடும் முன் தவாவில் இரண்டு பக்கமும் லேசாகச் சூடாக்கினால் மென்மை திரும்பிவிடும். நிறைய நாள் வைக்க ஃப்ரீசர்தான் சிறந்தது. துண்டுகளாக வெட்டி, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் இரண்டு மாதம் வரை ருசி குறையாது.

முட்டை சேர்க்காதவர்கள் ஒவ்வொரு முட்டைக்கும் 60 கிராம் தயிர் கூடுதலாகச் சேர்க்கலாம், அப்போது ஆப்பிளை 200 கிராமாகக் குறைத்து, துருவாமல் முழுவதையும் துண்டாகவே போட வேண்டும். முட்டை இறுகிப் பிடித்துக்கொள்ளும் வேலை அங்கே இல்லாததால் மாவால் அத்தனை ஈரத்தைத் தாங்க முடியாது. இதே மாவை 12 மஃபின் குழிகளில் ஊற்றினால் 180 டிகிரியில் 20 முதல் 24 நிமிடத்தில் வெந்துவிடும். முதன்முதலாகச் செய்கிறவர்கள் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம், நடுப்பகுதி வேகாமல் போகும் பயம் அதில் குறைவு.